கதவை அடைப்பதா, காவலோடு திறந்து வைப்பதா: பெருந்தொற்றில் மொரீஷியஸும் ரெயூனியனும் தேர்ந்த வழிகள்

2020 மார்ச் 18ஆம் தேதி இரவு, மொரீஷியஸில் முதல் மூன்று கோவிட் நோயாளிகள் கண்டறியப்பட்ட செய்தியை அப்போதைய பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் அறிவித்தார். மறுநாள் வெளிநாட்டவர் வருகை நிறுத்தப்பட்டது. 20ஆம் தேதி காலை முதல் தீவு முழுவதும் வீட்டுக்குள் அடங்கியது. ஊரடங்கைக் குறிக்கக் கிரியோலில் நாம் சொல்லும் 'கொன்ஃபின்மான்' என்ற சொல் அந்த வாரத்தில்தான் பாட்டி முதல் பேரன் வரை எல்லார் வாயிலும் ஏறியது. முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் ரெயூனியன் அதற்கு மூன்று நாள் முன்பே, 17ஆம் தேதி, பிரான்சின் பிற பகுதிகளோடு சேர்ந்து ஊரடங்குக்குள் சென்றிருந்தது. ஒரே கடலில், ஒரே வாரத்தில் தொடங்கிய இரண்டு தீவுகளும் அதன் பின்னர் வேறுவேறு வழியில் நடந்தன. மொரீஷியஸ் தன் கதவை முழுமையாக அடைத்து, நோயைத் தீவிலிருந்தே ஒழித்துவிட முயன்றது. ரெயூனியன் கதவைத் தாழிடாமல், வருவோரைச் சோதித்தும் வரும் காரணத்தைக் கேட்டும், மருத்துவமனைகள் தாங்கும் அளவுக்குள் நோயை வைத்திருக்கப் பார்த்தது.

அடுத்த பெருந்தொற்று வரும்போது நம் மொரீஷியஸ் அரசு இவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் விடையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போன்ற தனித் தீவு எடுத்து வைக்க வேண்டிய முதல் அடி கதவை அடைப்பதுதான். ஆனால் அடைத்த கதவுக்குப் பின்னால் நாம் செய்தவை எல்லாம் சரியென்று என்னால் சொல்ல இயலவில்லை. சிலவற்றை ரெயூனியனிடமிருந்தும் ஒன்றைத் தென்னாப்பிரிக்காவிடமிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இரு தீவுகளையும் ஒப்பிடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டும் எரிமலை பெற்ற தீவுகள். இரண்டிலும் கரும்புத் தோட்டத்துக்காகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழிவந்தோர் வாழ்கிறார்கள். இரண்டிலும் தைப்பூசக் காவடி எடுக்கப்படுகிறது. மக்கள்தொகை மொரீஷியஸில் சுமார் 12.6 லட்சம், ரெயூனியனில் 8.6 லட்சம் அளவு. பெரிய வேறுபாடு அரசியலில் உள்ளது. ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பினால் நோயாளிகளை விமானத்தில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்ப முடியும், அங்கிருந்து மருத்துவர்களை வரவழைக்கவும் முடியும். இரண்டையும் அவர்கள் செய்தார்கள். மொரீஷியஸ் யாரையும் எங்கும் அனுப்ப முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இரு அரசுகளின் முடிவுகளையும் எடைபோட முடியாது.

தனிமைப்படுத்தல் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிய அனுபவம் அன்று. முன்னோர்கள் வந்த கப்பல்களில் காலரா தென்பட்டால், போர்ட் லூயிஸில் இறக்காமல் வடக்கேயுள்ள சிறு தீவுகளில் அவர்களை இறக்கினார்கள். 1856இல் கல்கத்தாவிலிருந்து வந்த இரண்டு கப்பல்களின் பயணிகள் கேப்ரியல் தீவில் போதிய உணவும் கூரையும் இன்றி விடப்பட்டு, 200க்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டார்கள். ரெயூனியனில் லா கிராண்ட் ஷலூப் என்ற இடத்திலுள்ள தனிமை முகாமின் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. கதவு திறந்திருந்ததன் விளைவையும் அத்தீவு கண்டிருக்கிறது. 1919 மார்ச் இறுதியில், முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களோடு மதோன்னா என்ற கப்பல் அங்கு வந்து சேர்ந்தது; அதற்குப் பின் பரவிய இன்ஃபுளுவென்சா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கதவைத் திறந்து வைத்தாலும் சாவு நேர்ந்திருக்கிறது, கதவை அடைத்து உள்ளே இருப்பவரை மறந்தாலும் சாவு நேர்ந்திருக்கிறது. இரண்டும் நம் கடலில் நடந்தவை.

எல்லையை அடைத்ததால் கிடைத்ததும் இழந்ததும்

முதலில் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் இறுதிக்குள் மொரீஷியஸில் தொற்றியோர் 300க்குச் சற்று மேல், இறந்தோர் 10 பேர் என்ற அளவில் முதல் அலை அடங்கியது. அதன் பின் 2021 மார்ச் வரை, ஏறத்தாழப் பத்து மாதங்கள், தீவுக்குள் சமூகப் பரவல் இல்லை. உலகின் பெரும்பகுதி முகக்கவசத்தோடும் அச்சத்தோடும் வாழ்ந்த அந்த மாதங்களில் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள், திருமணங்கள் நடந்தன, சந்தைகள் கூடின. அக்காலத்தில் ஒரு பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவன் நான். வகுப்பறையில் முப்பது குழந்தைகள் தோளோடு தோள் உட்கார்ந்து ஆத்திசூடி சொல்லும்போது, இது அந்நாளில் எத்தனை நாடுகளுக்குக் கிடைக்காத பேறு என்று நினைத்துக்கொண்டதுண்டு. அந்த நன்றியை நான் இன்றும் மறக்கவில்லை.

இழப்பும் சிறியதன்று. 2019இல் ஏறத்தாழ 13.8 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2020இல் சுமார் 3 லட்சம் பேரும், 2021இல் சுமார் 1.8 லட்சம் பேருமே வந்தார்கள். 2020இல் நாட்டின் மொத்த உற்பத்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கியது. ஏர் மொரீஷியஸ் நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே நொடிப்புக் கால நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றது. அரசு சம்பள உதவித் திட்டத்தின் வழியே நிறுவனங்களுக்குப் பணம் தந்து வேலையிழப்பைத் தடுக்கப் பார்த்தது. சுயதொழில் செய்வோருக்கு மாதம் 5,100 ரூபாய் கொடுத்தது. அந்தத் தொகை கொத்தனாருக்கும் தையல்காரருக்கும் அரிசி பருப்புக்குப் போதுமே தவிர வீட்டு வாடகைக்குப் போதாது. எனினும் கையில் வந்து சேர்ந்தது, விரைவாகவும் வந்தது.

ரெயூனியனின் கணக்கு வேறு. வேலைக்குப் போகாத நாள்களுக்கும் நிகரச் சம்பளத்தில் 84 விழுக்காட்டைப் பிரான்சின் பகுதிவேலையின்மைத் திட்டம் ஈடுசெய்தது. 2020 மே 11ஆம் தேதி முதல் ஊரடங்கு தளர்ந்தது. ஜூலையில் விமானம் ஏறும் முன்பே பிசிஆர் சோதனை கட்டாயமாயிற்று. ஆயினும் விடுமுறைக்கு வந்தோரின் வழியே ஆகஸ்டிலிருந்து நோய் தீவுக்குள் பரவத் தொடங்கியது. 2021 ஜனவரி இறுதியில், தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மட்டுமே பயணம் செய்யலாம் என்ற விதி வந்தது. அதற்குள் பீட்டா திரிபு இந்தியப் பெருங்கடலின் இந்த மூலைக்கு வந்துவிட்டது. சோதனையும் காரணமும் கேட்கும் கதவு நோயின் வேகத்தைக் குறைத்தது, நிறுத்தவில்லை. நிறுத்துவோம் என்று அவர்கள் சொல்லவும் இல்லை என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முடிவில் இரு தீவுகளிலும் அதிகாரபூர்வ இறப்பு எண்ணிக்கை ஆயிரத்தை ஒட்டியே நின்றது. அப்படியானால் இரு வழிகளும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கிறார்கள். நான் உடன்படவில்லை. மக்கள்தொகையோடு சேர்த்துப் பார்த்தால் மொரீஷியஸின் விகிதம் குறைவு. அதோடு, உதவிக்கு ஒரு பெரிய நாடு பின்னால் நிற்காமலேயே அந்த அளவில் நிறுத்தினோம். ஆனால் நம் இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை எப்போது நேர்ந்தன என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 2021 அக்டோபர் 1ஆம் தேதி, தடுப்பூசி போட்ட பயணிகளுக்குக் கதவு திறக்கப்பட்டது. அதையடுத்த வாரங்களில் டெல்டா திரிபு தீவெங்கும் பரவி, நவம்பரில் ஆக்சிஜனுக்காக ஆட்கள் அலைந்தார்கள், இடுகாட்டிலும் சுடுகாட்டிலும் முறை வைத்துக் காத்திருந்தார்கள். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசி போட்டிருந்தது உண்மை. முதியவர்களுக்கு மூன்றாவது ஊசி பரவலாகச் சென்று சேராத நிலையில் திறந்தோம் என்பதும் உண்மை.

இங்குதான் நம் முடிவின் ஓட்டை இருக்கிறது. அடைத்த கதவு காலத்தை வாங்கித் தருகிறது. அந்தக் காலத்துக்குள் எதை முடிக்க வேண்டும், முடிந்ததை யார் சரிபார்ப்பது, எந்த நிலையை எட்டிய பின் திறப்பது என்று எழுதி வைக்காவிட்டால், திறக்கும் தேதியை வருமான நெருக்கடிதான் தீர்மானிக்கும். எச்சரிக்கை நம் கண் முன்னாலேயே இருந்தது. சீஷெல்ஸ் 2021 ஜனவரியில் தடுப்பூசியைத் தொடங்கி, உலகிலேயே வேகமாகப் போட்டு, மார்ச் 25ஆம் தேதி சுற்றுலாவைத் திறந்தது. மே மாதத்தில் தொற்று பெருகி மீண்டும் கட்டுப்பாடுகளை விதித்தது. ஊசி போட்டோரின் மொத்த விகிதம் உயர்ந்திருப்பது மட்டும் திறப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது என்பதை நாம் அங்கேயே படித்திருக்கலாம்.

கடைகளை அடைத்த ஒன்பது நாள்கள்

எல்லையை அடைப்பதும் ஊருக்குள் கடைகளை அடைப்பதும் இருவேறு முடிவுகள். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதால்தான் விவாதம் குழம்புகிறது. 2020 மார்ச் 24ஆம் தேதி மொரீஷியஸ் அரசு சூப்பர் மார்க்கெட், சில்லறைக் கடை, ரொட்டிக் கடை அனைத்தையும் அடைத்தது. ஏப்ரல் 2ஆம் தேதிதான் அவை திரும்பத் திறந்தன, அதுவும் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி: ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். இடைப்பட்ட நாள்களில் மாதச் சம்பளக்காரர் வீட்டில் மூட்டை அரிசி இருந்தது. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் 'தபாஜி' என்னும் தெருவோரச் சிறு கடையில் அரைக் கிலோ வாங்குகிறவர் வீட்டில் என்ன இருந்திருக்கும்? என் அண்ணி ரோஸ் ஹில்லில் அப்படியொரு சிறு கடை வைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் பின்கதவைத் தட்டி, குழந்தைக்குப் பால்பொடி கேட்டு நின்ற தாயிடம், சட்டத்துக்குப் பயந்து விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தம் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு கிண்ணம் அள்ளிக் கொடுத்ததை இன்றும் சொல்லிக் கலங்குவார்.

எழுத்து முறை வந்த பிறகு நிலைமை சீரடைந்தது. எங்கள் பெயர் பி (P) என்ற எழுத்தில் தொடங்குவதால் எங்களுக்குப் புதனும் சனியும் கிடைத்தன. வெயிலில் ஒரு மீட்டர் இடைவெளியில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, உள்ளே போனால் அரை மணி நேரம். அரிசி, மாவு, பால்பொடி ஆகியவற்றுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு. நெருக்கடிக் காலத்தில் எளியவரும் வசதி உள்ளவரும் ஒரே வரிசையில் நின்ற அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். அதை மார்ச் 20ஆம் தேதியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பதுதான் என் மனக்குறை.

ரெயூனியனில் உணவுக் கடைகள் ஒரு நாளும் முழுமையாக அடைபடவில்லை. வெளியே செல்கிறவர் தாமே ஒரு உறுதிமொழித் தாளை நிரப்பி, எதற்காகச் செல்கிறார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல வேண்டும். காவலர் கேட்டால் காட்ட வேண்டும். நம்மிடம் வேலைக்குச் செல்கிறவர் காவல் துறையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. குடிமகனை நம்பித் தாளை அவன் கையில் கொடுப்பதும், அவனை அலுவலகத்தின் முன் காத்திருக்க வைப்பதும் வேறுவேறு மனநிலைகள். நோயைத் தடுப்பதில் முதலாவது முறை இரண்டாவதைவிடக் குறைந்துவிடவில்லை. ஆகவே இந்த விஷயத்தில் தயங்காமல் ரெயூனியன் பக்கம் நிற்கிறேன்.

முன்கூட்டியே சொல்லப்பட்ட படிகள்

தென்னாப்பிரிக்கா இவ்விரண்டுக்கும் வெளியே ஒரு மூன்றாவது முறையைக் காட்டியது. 2020 மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கிய அந்நாட்டின் ஊரடங்கு உலகிலேயே கடுமையானவற்றுள் ஒன்று. பின்னர் அரசு ஐந்து படிகளை வகுத்து, ஒவ்வொரு படியிலும் எது திறக்கும், எது மூடும் என்று அறிவித்தது. மே 1ஆம் தேதி ஐந்திலிருந்து நான்குக்கும், ஜூன் 1ஆம் தேதி மூன்றுக்கும் இறங்கியது. டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் நம் தமிழ்ச் சொந்தங்கள் தொலைபேசியில் பேசும்போது "நாங்கள் இப்போது மூன்றில் இருக்கிறோம்" என்று வானிலை சொல்வதைப் போலச் சொல்வார்கள். கோயிலுக்கு எத்தனை பேர் போகலாம், இறுதிச் சடங்குக்கு எத்தனை பேர் கூடலாம் என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிடும். நமக்கோ ஒவ்வொரு முறையும் மாலைச் செய்தி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில் மகா சிவராத்திரிக்குக் காவடியோடு புனித ஏரியான கிராண்ட் பாஸான் நோக்கி நடந்துகொண்டிருந்தவர்கள் வழியிலேயே ஊரடங்குச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள்.

அங்கே எல்லாம் சிறப்பாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சிகரெட் விற்பனையை ஏறத்தாழ ஐந்து மாதம் தடைசெய்தார்கள்; கள்ளச் சந்தை வளர்ந்ததுதான் கண்ட பலன். மதுத் தடையால் விபத்து, அடிதடிக் காயங்கள் குறைந்து மருத்துவமனைப் படுக்கைகள் ஓரளவு காலியானது மெய். 350 ராண்டு உதவித்தொகையை அன்றாடம் காய்ச்சிகளுக்குக் கொண்டுசேர்த்ததும் பெரிய காரியம். மறுபுறம், அவசரக் கொள்முதலில் நடந்த முறைகேடுகள் அங்கே பெரும் புயலைக் கிளப்பின. சுகாதாரத் துறையின் ஒப்பந்தம் ஒன்றின் தொடர்பில் 2021 ஆகஸ்டில் அமைச்சரே பதவி விலகினார். நம் நாட்டிலும் அவசரக் கொள்முதல்கள் நாடாளுமன்றத்தில் கேள்விக்குள்ளாயின. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது படிகளை முன்னரே எழுதி மக்கள் கையில் கொடுக்கும் வழக்கத்தை.

மருத்துவமனைக்குள் வரையப்பட வேண்டிய கோடு

எல்லை, கடை, ஊரடங்கு என்று பேசும்போது, ஏற்கெனவே நோயாளிகளாக இருப்பவர்கள் பேச்சிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மொரீஷியஸில் நீரிழிவு மிகுதி. அதனால் டயாலிசிஸ் செய்துகொள்வோரும் மிகுதி. 2021 மார்ச்சில் தொடங்கிய இரண்டாம் அலையில் தொற்றுக்கு ஆளாகி இறந்தவர்களுள் டயாலிசிஸ் நோயாளிகள் பலர் இருந்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. என் அத்தான் வாரத்துக்கு மூன்று நாள் அந்த இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர். அந்த நாள்களில் அவரைத் தனிமைப்படுத்தலுக்காக ஒரு விடுதியில் தங்கவைத்தார்கள். சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் வண்டி ஒரு நாள் நான்கு மணி நேரம் தாமதித்தது. இன்னொரு நாள் சிகிச்சை நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்க, என் அக்காவிடம் தொலைபேசியில் "இன்னும் வண்டி வரவில்லை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பிழைத்தார். அவரோடு ஒரே அறையில் சிகிச்சை பெற்று வந்த இருவர் பிழைக்கவில்லை. அங்கே வேலை பார்த்த தாதியர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை; அவர்கள் கண் இமைக்காமல் உழைத்தார்கள். முந்தைய பத்து மாத அமைதியில், தொற்றிய டயாலிசிஸ் நோயாளிக்கென்று தனி இயந்திரம், தனி வண்டி, தனி தாதியர் குழு என்று ஒதுக்கி ஒத்திகை பார்த்திருந்தால் அவர்களும் நோயாளிகளும் அந்த நிலைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

கதவை அடைத்தவர்களுக்கு இந்தக் கடமை கூடுதலாக இருக்கிறது, ஏனெனில் ஆயத்தம் செய்வதற்கான காலம் அவர்களுக்குத்தான் கிடைத்தது.

கொசுவிடம் கடவுச்சீட்டு கேட்க முடியாது

ஒரு கருத்தை இங்கே சேர்க்காவிட்டால் என் ஒப்பீடு தவறான பாடமாகிவிடும். அடுத்த பெருந்தொற்று மூச்சின் வழியேதான் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2005-06இல் சிக்குன்குன்யா ரெயூனியனில் சுமார் 2,66,000 பேரை, அதாவது மூன்றில் ஒருவரை, படுக்கையில் தள்ளியது. தொடக்கத்தில் அதை உயிர்க்கொல்லி அல்லாத காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டதில் பொன்னான மாதங்கள் போயின. பின்னர் கொசு ஒழிப்புக்கு இராணுவத்தையே இறக்கினார்கள். மொரீஷியஸும் அப்போது தப்பவில்லை. 2024 ஆகஸ்டில் அதே நோய் ரெயூனியனுக்குத் திரும்பி வந்து, 2025இல் 50,000க்கும் மேற்பட்டோருக்கு உறுதிசெய்யப்பட்டது. இம்முறை தடுப்பூசி இருந்தது; ஏப்ரல் தொடக்கத்தில் முதியவர்களுக்குப் போடத் தொடங்கி, தீவிரப் பக்கவிளைவுகள் தெரியவந்ததும் அதே மாத இறுதியில் 65 வயதைக் கடந்தோருக்கு நிறுத்தினார்கள். பக்கவிளைவை மறைக்காமல் உடனே அறிவித்து நிறுத்திய அந்த நேர்மையை நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டும்.

இத்தகைய நோய்க்கு விமான நிலையத்தை அடைத்துப் பயனில்லை. வீட்டுப் பின்புறத்தில் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கும் நீரைக் கொட்டுவதும், நகராட்சி ஆட்கள் வீடுவீடாகச் செல்வதும், காய்ச்சல் வந்தோரைக் கொசுவலைக்குள் வைப்பதும்தான் அங்கே வேலை செய்யும். எந்த நோய்க்கு எந்த முறை என்று முதல் இரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்கும் ஆய்வகத் திறனும் வல்லுநர் குழுவும் நம்மிடம் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

என் தேர்வு

மூச்சின் வழியே பரவும் புதிய நோய் எனில், முதல் வாரத்திலேயே எல்லையை அடைக்கலாம். அந்த முடிவை நான் மனமார ஆதரிப்பேன். ஆனால் அடைக்கும் அறிவிப்போடு சேர்த்தே, எந்த நிலை எட்டப்பட்டால் திறக்கப்படும் என்பதும் வெளியிடப்பட வேண்டும்: 60 வயதைக் கடந்தோருள் எத்தனை பேருக்கு முழுப் பாதுகாப்பு, எத்தனை ஆக்சிஜன் படுக்கைகள், டயாலிசிஸ் பிரிவுகளில் என்ன ஏற்பாடு. உணவுக் கடைகள் ஒரு நாளும் முழுமையாக அடைபடக் கூடாது. எழுத்து முறையும் உறுதிமொழித் தாளும் முதல் நாளிலிருந்தே நடைமுறைக்கு வரட்டும். படிகளுக்கு எண்ணிடப்பட்டு, அவை கிரியோலிலும் பிரெஞ்சிலும் மட்டுமன்றித் தமிழ், தெலுங்கு, போஜ்புரி போன்ற நம் மொழிகளிலும் கோயில் வாசல் வரை ஒட்டப்படட்டும். 2020 மே மாதத்தில் நிறைவேறிய தனிமைப்படுத்தல் சட்டம் காவல் துறைக்குத் தந்த விரிவான அதிகாரங்களுக்குக் கால வரம்பு வைத்து, பெருந்தொற்றுக் காலத்தில் பிரான்சில் நடந்ததைப் போல் நாடாளுமன்றம் அவ்வப்போது புதுப்பிக்கும் முறை வர வேண்டும்.

வெளியில் இருக்கும் நம்மவர்கள் பற்றிய முடிவும் அதே முதல் நாளிலேயே எடுக்கப்பட வேண்டியது. 2020இல் உல்லாசக் கப்பல்களில் வேலை பார்த்த மொரீஷியர்கள் பலர் மாதக்கணக்கில் கடலிலேயே நின்றார்கள். என் தங்கை மகன் அவர்களுள் ஒருவன். பயணிகள் எல்லாரும் இறங்கிப்போன கப்பலில், சன்னல் இல்லாத அறையில் இருந்துகொண்டு, வாரம் ஒரு முறை தன் அம்மாவை அழைப்பான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என்னை அழைத்துக்கொள்ளும் தேதியைச் சொல்லுங்கள், எவ்வளவு தள்ளி இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தேதி இருந்தால் போதும்.